வரி இங்கே, முடிவு அங்கே

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. மாநிலம் முழுக்க ஏறத்தாழ 61 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். சென்னை மாநகராட்சியில் 44 சதவீதம்கூடத் தேறவில்லை. தீர்ப்பு அன்று இரவே எழுதப்பட்டுவிட்டது: படித்த நகரவாசிக்கு அக்கறை கிடையாது, விடுமுறை கிடைத்தால் வீட்டில் தூங்குவார், குப்பை அள்ளவில்லை என்றால் மட்டும் கத்துவார். நான்கு ஆண்டுகளாக இந்தத் தீர்ப்பைத் திருப்பித் திருப்பிச் சொல்லி வருகிறோம். அதை ஒருமுறை சரிபார்க்க வேண்டுமானால் நகரின் மேற்கு விளிம்பைப் போல வசதியான இடம் வேறில்லை. அம்பத்தூர், கொரட்டூர், பாடி ஆகியவை சென்னை மாநகராட்சிக்குள் இருக்கின்றன. ஆவடி தனி மாநகராட்சி. பூந்தமல்லியும் திருவேற்காடும் நகராட்சிகள். திருமழிசை பேரூராட்சி. அயப்பாக்கம், வானகரம், சென்னீர்குப்பம், நசரத்பேட்டை ஆகியவை ஊராட்சிகள். உள்ளாட்சியின் நான்கு வகைகளையும் அரை நாள் பேருந்துப் பயணத்தில் பார்த்துவிடலாம். இந்தப் பகுதியைக் கூர்ந்து கவனித்தால் சோம்பேறி வாக்காளர் என்ற கதை நிற்காது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று சரியாகக் கணக்குப் போட்ட வாக்காளர்தான் தெரிவார். உள்ளாட்சி அவரிடம் வரி கேட்கிறது. அவருடைய பிழைப்பைத் தீர்மானிக்கும் எதையும் அது முடிவு செய்வதில்லை. இது தெரிந்த ஒருவர் வாக்குச்சாவடிக்குப் போகாமல் இருப்பதை அலட்சியம் என்று எப்படிச் சொல்வது?

முதலில் எண்களைப் பார்ப்போம். உள்ளாட்சித் தேர்தலுக்குப் பத்து மாதம் முன்பு, 2021 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. கொரோனா இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்த நேரம் அது. அப்போதும் சென்னை மாவட்டத்தில் ஏறத்தாழ 59 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். மாவட்டத்தின் எல்லையும் மாநகராட்சியின் எல்லையும் ஒன்றல்ல என்பதால் ஒப்பீடு துல்லியமானதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 15 புள்ளி இடைவெளியை எல்லைக் கோடுகளால் மட்டும் விளக்கிவிட முடியாது. வாக்காளர் பட்டியலே வீங்கிக் கிடந்தது, இறந்தவர்களும் இடம்மாறியவர்களும் பெயராக உட்கார்ந்திருந்தார்கள், சதவீதம் குறைந்ததற்கு அதுதான் காரணம் என்பது இன்னொரு வாதம். வலுவான வாதம்தான். சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டிருந்தன; சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். ஆனால் அந்த வீக்கம் 2021-லும் இருந்தது, 2022-லும் இருந்தது. இரண்டு தேர்தலிலும் இருந்த ஒரு குறை, இரண்டுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்துக்குக் காரணமாக முடியாது. கோட்டைக்கு யாரை அனுப்புவது என்று கேட்டபோது வந்தவர்களில் கணிசமானோர், ரிப்பன் மாளிகைக்கு யாரை அனுப்புவது என்று கேட்டபோது வரவில்லை.

அப்படியானால் உள்ளாட்சி என்றாலே மக்களுக்கு அலுப்பா? அதுவும் இல்லை. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய தேதிகளில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் திருவள்ளூரும் ஒன்று. முதல் கட்டத்தில் 76 சதவீதத்துக்கும் மேல், இரண்டாம் கட்டத்தில் 77 சதவீதத்துக்கும் மேல் வாக்குகள் பதிவாயின. ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிச் சின்னம் கிடையாது. காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு உண்டு. தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்பது ஊருக்கே தெரியும். சாதியும் பணமும்தான் அந்த வாக்குகளை இழுத்து வருகின்றன என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பணமும் சாதியும் எங்கே போய்ச் சேரும்? அதிகாரம் இருக்கும் இடத்துக்குத்தான். காசோலையில் கையெழுத்திடாத ஒரு பதவிக்காக யாரும் வீடு வீடாகப் பணம் கொடுப்பதில்லை.

பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள குத்தம்பாக்கம் இதற்கு நல்ல சான்று. வேதிப் பொறியியல் படித்து விஞ்ஞானியாக வேலை பார்த்த இளங்கோ 1996-ல் அந்த ஊராட்சியின் தலைவரானார். மக்கள் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள் கொண்ட சமத்துவபுரம் அங்கே எழுந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் மிஞ்சிய கல்லை வைத்துக் குறைந்த செலவில் கால்வாய் கட்டினார்கள். மதிப்பீட்டில் இல்லாத முறையில் வேலை செய்தார் என்று அவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தது நிர்வாகம். ஊர் அவர் பக்கம் நின்றது, திரும்ப வந்தார். உள்ளாட்சிக்கு அதிகாரம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதையும், அதைச் சொந்தமாகப் பயன்படுத்தினால் மேலே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் இந்த ஒரே ஊர் காட்டிவிட்டது.

இனி நகரத்துக்கு வருவோம். அம்பத்தூர் நகராட்சியாக இருந்தபோது 52 வார்டுகள் இருந்தன. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 4.66 லட்சம். அதாவது சுமார் ஒன்பதாயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர். அந்த ஆண்டு அக்டோபரில் 42 உள்ளாட்சிகள் சென்னையோடு இணைக்கப்பட்டு மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அம்பத்தூர் ஏழாவது மண்டலம் ஆயிற்று. மண்டலத்துக்கு 15 வார்டுகள். அன்றைய மக்கள்தொகையை வைத்துப் பார்த்தாலே ஒரு கவுன்சிலருக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல். சொந்தமாக ஒரு நகராட்சித் தலைவரும் மன்றமும் வைத்திருந்த ஊர், 200 உறுப்பினர் கொண்ட ஒரு மாமன்றத்தில் 15 குரலாகச் சுருங்கியது. அந்த 15 குரலும் ஐந்து ஆண்டுகளுக்குத்தான். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று திமுக தரப்பு தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சில மாதங்களில் திருத்தித் தேர்தல் நடத்தியிருக்கலாம். அதிமுக அரசுக்கு அவசரம் இல்லை. வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு என்று எதிர்க்கட்சிக்கும் நேரம் போயிற்று. 2022 மார்ச் வரை ஐந்தரை ஆண்டுகள் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243யு பிரிவு சொல்கிறது. அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாக உறுதிசெய்திருக்கிறது. ஐந்தரை ஆண்டு இழுத்ததற்காக யாரும் எந்த விலையும் கொடுக்கவில்லை.

அந்த இருட்டுக் காலத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள்தாம் முக்கியம். 2019 ஜூனில் ஆவடி நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. அப்போது ஆவடியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தங்கள் ஊர் என்னவாக வேண்டும் என்று ஆவடிக்காரர்கள் யாரையும் யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் மக்களிடமிருந்து போயிற்று. 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாற்றப்பட்டபோதும் திருமழிசைப் பேரூராட்சியில் மன்றம் கிடையாது. ஒரு நகரத்தின் காய்கறிச் சந்தை ஒரு சிறிய ஊரின் தலையில் வந்து இறங்கியது. சம்மதம் தெரிவிக்கவோ மறுக்கவோ அந்த ஊருக்கு வாய் இல்லை. கொரோனா நெருக்கடி என்பதால் அதை மன்னிக்கலாம். மற்றவற்றை மன்னிக்க அப்படி ஒரு காரணமும் இல்லை.

பிறகு வரி. 2022 பிப்ரவரி 19-ல் வாக்குப்பதிவு, மார்ச் 4-ல் மேயர் தேர்தல், ஏப்ரல் முதல் நாள் சொத்து வரி உயர்வு அறிவிப்பு. ஆறு வார இடைவெளி. அம்பத்தூர் 2011-ல் சேர்ந்த பகுதி என்பதால் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். ஆவடியிலும் அதே அளவுதான். வரி உயர்வே கூடாது என்று நான் வாதிடவில்லை. சென்னையில் 1998-க்குப் பின்பும் மற்ற இடங்களில் 2008-க்குப் பின்பும் பொதுச் சீராய்வு நிலைக்கவில்லை. 15-வது நிதிக் குழுவும் மானியத்துக்கு நிபந்தனையாகச் சொத்து வரியைச் சீர்படுத்தச் சொன்னது. பணம் இல்லாமல் சாலையும் வடிகாலும் வராது. கேள்வி வேறு: ஆறு வாரத்தில் அறிவிக்க முடிந்த ஒரு முடிவு, ஆறு வாரத்துக்கு முன் தயாரிப்பில் இல்லாமலா இருந்தது? அதைப் பிரச்சாரத்தில் ஏன் யாரும் சொல்லவில்லை? திமுகவை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. அதிமுக அரசு 2018 ஜூலையில் வீடுகளுக்கு 50 சதவீதம்வரை வரியை உயர்த்தியது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் அதையே நிறுத்திவைத்தது. ஒருவர் தேர்தலுக்கு முன் வரியை இறக்குகிறார், மற்றவர் தேர்தலுக்குப் பின் ஏற்றுகிறார். இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: வரியையும் வாக்கையும் வாக்காளர் சேர்த்துப் பார்க்கக் கூடாது. சென்னையில் 2024-25-ன் இரண்டாம் அரையாண்டிலிருந்து மேலும் 6 சதவீதம் சேர்ந்தது. வார்டு கவுன்சிலரிடம் போய்க் கேட்டால் அது அரசாணை என்பார். அவர் சொல்வது பொய்யில்லை.

வரி கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? அம்பத்தூர் தொழிற்பேட்டையை எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் எஸ்டேட் தண்ணீரில் மூழ்கியது. லேத்துகளும் மோட்டார்களும் மூலப்பொருள்களும் நாட்கணக்கில் நீரில் கிடந்தன. சரி, இதற்கு யாரைக் கேட்பது? தொழிற்பேட்டை அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் கையில். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாய் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அம்பத்தூர் ஏரியும் அதன் உபரிநீர் போய்ச் சேரும் கொரட்டூர் ஏரியும் நீர்வளத் துறையிடம். ஏரியில் கழிவு கலப்பதைக் கண்காணிக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அது தொடர்பான வழக்கோ பசுமைத் தீர்ப்பாயத்தில். வெளியே திருவள்ளூர் நோக்கி ஓடும் சி.டி.எச். சாலை நெடுஞ்சாலைத் துறையின் கையில். பாடியிலிருந்து திருநின்றவூர் வரை அதை அகலப்படுத்தும் பேச்சு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. இத்தனை அமைப்புகளில் வாக்காளர் தேர்ந்தெடுத்த உறுப்பினர் உட்கார்ந்திருப்பது மாநகராட்சி என்ற ஒன்றில் மட்டும். அந்த மாநகராட்சியின் ஆணையரையும் மாமன்றம் நியமிப்பதில்லை, கோட்டை அனுப்புகிறது. கவுன்சிலர் கிட்டத்தட்ட ஒரு தபால்காரர்: மனுவை வாங்குவார், உரிய துறைக்கு அனுப்புவார், பதில் வந்தால் கொண்டுவந்து கொடுப்பார். தபால்காரரைத் தேர்ந்தெடுக்க ஒரு சனிக்கிழமை காலை வரிசையில் நிற்க வேண்டுமா என்று ஒருவர் யோசித்தால் அதில் என்ன வியப்பு?

பொருளாதாரக் கொள்கைக்கும் இந்தப் பகுதிக்கும் உள்ள உறவு பழையது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில்தான் சமதர்ம பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. காமராஜர் முதல்வராகப் பொறுப்பேற்று ஓராண்டுகூட ஆகாத காலம் அது. அடுத்த பத்தாண்டுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை பீரங்கி வண்டி செய்தது, பாடியில் டிவிஎஸ் குழுமத்தின் ஆலைகள் எழுந்தன. ஊரின் பொருளாதாரத்தை மேலே இருந்தவர்களே திட்டமிட்டார்கள் என்பது அன்றும் உண்மைதான். ஆனால் அந்தத் திட்டம் நிலையான வேலையாக, குவார்ட்டர்ஸாக, தொழிற்சங்கமாகத் தரையில் தெரிந்தது. பொருளாதாரம் யார் கையில் இருக்கிறது, எதற்கு யாரிடம் பேச வேண்டும் என்று தொழிலாளிக்குத் தெரியும். இன்று அந்தத் தெளிவு போய்விட்டது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாக்கப்பட்டது. ஆவடியின் பீரங்கி ஆலை புதிய கவச வாகன நிறுவனத்தின் கீழ் போனது. சீருடை தைக்கும் ஆலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வேறொரு நிறுவனத்தின் கீழ் போனது. சங்கங்கள் எதிர்த்தன; வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய முன்கூட்டியே சட்டம் வந்திருந்தது. ஆவடியின் மிகப் பெரிய வேலை வழங்குநரின் தலையெழுத்து மாறியபோது ஆவடியின் உள்ளாட்சி என்ன சொன்னது என்று கேட்கவும் முடியாது. அப்போது மன்றமே இல்லை.

அம்பத்தூரின் சிறு பட்டறைகளுக்கு அடி வேறு திசையிலிருந்து வந்தது. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. பெரிய ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் பொறியியல் பட்டறைகளுக்கு முதலில் 18 சதவீத வரி. கதறிய பிறகு 2019 அக்டோபரில் அது 12 ஆனது. 2022 செப்டம்பரில் மாநில மின்கட்டணம் உயர்ந்தது. ஓடாத இயந்திரத்துக்கும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் சிறு ஆலைகளைக் கடுமையாகத் தாக்க, 2023 செப்டம்பர் 25 அன்று குறு, சிறு தொழில் அமைப்புகள் மாநிலம் தழுவிய கதவடைப்பு நடத்தின. டெல்லி ஒரு பக்கம், கோட்டை ஒரு பக்கம். நடுவில் நகர நிர்வாகம் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரியும் தொழில் வரியும் கேட்டு நோட்டீஸ் அனுப்பும். தொழில் வரிக்கு அரசியல் சட்டம் வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய். 1988-லிருந்து அது அசையவில்லை. விளைவு என்ன? நல்ல சம்பளம் வாங்கும் மேலாளரிடம் மாநகராட்சி கூடுதலாக வாங்க முடியாது. 2024-ல் சென்னை மாமன்றம் தொழில் வரியை உயர்த்தியபோது சுமை ஏறியது நடுத்தர, கீழ்நடுத்தர வருமானக்காரர்கள் தலையில்தான். ஒரு தொழிற்பேட்டை செழித்தாலும் அந்த ஊரின் கஜானா பெருக வழியில்லை. நொடித்தாலும் கஜானா உடனே உணர்வதில்லை. பிறகு எந்த மன்றம் பட்டறைகளைப் பற்றிக் கவலைப்படும்?

புதிய திட்டங்கள் வரவில்லையா என்று கேட்கலாம். வந்திருக்கின்றன. பட்டாபிராமில் 330 கோடி ரூபாய் செலவில் 21 தளங்கள் கொண்ட டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு 26 கிலோமீட்டர் மெட்ரோ தடம் வருகிறது. அதைப் பரந்தூருக்கும், கோயம்பேடு தடத்தைப் பட்டாபிராமுக்கும் நீட்டும் திட்டங்கள் இருக்கின்றன. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வேலைக்குப் போய்வர இரண்டு மணி நேரம் பேருந்தில் தொங்கியவருக்கு மெட்ரோ பெரிய விடுதலை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட உள்ளாட்சி மன்றத்தில் பிறந்ததல்ல, அங்கே திருத்தப்பட்டதும் அல்ல. நல்லதும் மேலே இருந்து வருகிறது, கெட்டதும் மேலே இருந்து வருகிறது. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் பரந்தூர் விமான நிலையத்துக்காகக் குறிக்கப்பட்ட ஏகனாபுரம். அந்த ஊரின் கிராம சபை திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. எதுவும் நடக்காததால் 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலையே அந்த ஊர் புறக்கணித்தது. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். வேண்டும் என்பவர்களிடமும் நியாயம் உண்டு. ஆனால் சட்டப்படி கூடிய ஒரு சபையின் தீர்மானத்துக்குக் காகித மதிப்புகூட இல்லை என்பதைச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடலுக்கு அப்பால் இதே நோய் வேறு விதமாகத் தெரிகிறது. இலங்கையில் 2023 மார்ச் 9 அன்று நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைப் பணமில்லை என்று அரசு தள்ளிப்போட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவழியாக 2025 மே 6-ல் தேர்தல் நடந்தது. ஆறு மாதம் முன்பு நாடாளுமன்றத் தேர்தலில் 61 சதவீதத்துக்கும் மேல் வாக்குகளை அள்ளிய ஆளும் தேசிய மக்கள் சக்தி, உள்ளூராட்சியில் 43 சதவீதத்துக்கு இறங்கியது. ஜனாதிபதித் தேர்தலில் 79 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவும் படிப்படியாகக் குறைந்திருந்தது. பன்னாட்டு நாணய நிதியத்தின் நிபந்தனைகளுக்குள் அரசு கட்டுண்டு கிடக்கும் நாட்டில், பிரதேச சபைக்குப் பொருளாதாரத்தை மாற்றும் சக்தி துளியும் கிடையாது. ஆனாலும் அந்தத் தீவின் வாக்காளர் உள்ளூர்த் தேர்தலைக் கொழும்புக்கு அனுப்பும் எச்சரிக்கையாகப் பயன்படுத்தினார்; ஆட்சியாளருக்கும் அது கேட்டது. சென்னையின் மேற்கில் அந்த எச்சரிக்கைக்கும் இடமில்லை. 2022-ல் தேர்தல் நடந்த 21 மாநகராட்சிகளையும் அன்றைய ஆளும் கட்சியான திமுகவின் கூட்டணி வென்றது. 44 சதவீதம் பேர் மட்டும் வந்த இடத்தில் கிடைத்த வெற்றியும் முழு வெற்றியாகவே கொண்டாடப்பட்டது. வராதவர்களின் அதிருப்தியை எந்தக் கட்சியும் தன் தோல்வியாக எண்ணிப் பார்க்கவில்லை.

உள்ளாட்சிக்கு அதிகாரம் என்றதும் எழும் முதல் ஆட்சேபம் ஊழல். வீடு கட்ட ஜல்லி இறக்கினாலே கவுன்சிலரின் ஆள் வந்து நிற்கிறான், இவர்களிடம் இன்னும் அதிகாரமா என்பார்கள். மதுரையில் சொத்து வரி முறைகேடு 2025-ல் மண்டலத் தலைவர்களையும் கடைசியில் மேயரையும் பதவி விலக வைத்ததைச் சுட்டிக்காட்டுவார்கள். மறுக்க முடியாத ஆட்சேபம். ஆனால் இன்றைய கவுன்சிலரின் நிலையைப் பாருங்கள். 2023 ஜூலை வரை அவருக்கு மாதாந்திர மதிப்பூதியமே கிடையாது; இப்போது மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய். ஒரு வேலையைச் செய்து முடிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. தடுக்கவும் தாமதிக்கவும் மட்டும் செல்வாக்கு உண்டு. தடுக்கும் செல்வாக்கை மட்டும் வைத்திருப்பவர் அதைத்தான் விற்பார். அதிகாரமும் கணக்கும் சேர்ந்தே கொடுக்கப்பட வேண்டும். ஒன்றைக் கொடுக்காமல் மற்றதை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. தவறு செய்த கவுன்சிலரை நீக்கும் அதிகாரமும் இன்று அரசிடம் இருக்கிறது. சென்னை, தாம்பரம் மாநகராட்சி உறுப்பினர்கள் சிலரை 2025 மார்ச்சில் அரசு நீக்கியது. வாக்களித்தவர்களுக்கு அதில் பங்கில்லை.

இரண்டாவது ஆட்சேபம் அளவைப் பற்றியது. ஏரி, வடிகால், போக்குவரத்து எல்லாம் வார்டு எல்லையில் நிற்பவையா, பெருநகர அளவில்தானே திட்டமிட முடியும்? முழுக்க உண்மை. அதற்கு வழியையும் அரசியல் சட்டமே சொல்லியிருக்கிறது: பெருநகரத் திட்டக் குழு ஒன்று அமைய வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்கினர் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தமக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். நம்மிடம் இருப்பதோ அமைச்சர் தலைமையில் இயங்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.). 2022-ல் அதன் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-க்கு விரிந்தது. அந்த விரிவோடு மக்கள் பிரதிநிதித்துவம் விரியவில்லை. பெரிய அளவில் திட்டமிடுவது வேறு, ஊர்களைப் பெரிதாக்கிப் பிரதிநிதிகளைக் குறைப்பது வேறு. பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகளையும் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் ஆவடி மாநகராட்சியோடு சேர்க்கும் யோசனையைக் கேட்டதும் கிராமங்களில் எதிர்ப்பு எழுந்ததற்குக் காரணம் இதுதான். நூறு நாள் வேலை போகும், வரி கூடும் என்ற பயம் வெளியே சொல்லப்படுவது. அம்பத்தூரின் 52 எப்படி 15 ஆனது என்ற நினைவு சொல்லப்படாதது.

இதற்கிடையில் மாநில அரசு நேரடியாக வாசலுக்கே வருகிறது. மகளிர் உரிமைத்தொகை வங்கிக் கணக்கில் விழுகிறது. 'உங்களுடன் ஸ்டாலின்' என்று 2025 ஜூலை முதல் 10,000 முகாம்கள் திட்டமிடப்பட்டு, வார்டு வார்டாக மனு வாங்கப்பட்டது. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி நிதி இருக்கிறது. வார்டு மன்றம் செய்ய வேண்டிய பல சிறு வேலைகளை அவரே செய்துவிட முடிகிறது. மக்களுக்கு வேலை நடந்தால் சரி என்பது நியாயம்தான். ஆனால் குடிநீர்க் குழாய்க்கும் சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கும் முதல்வர் பெயரில் முகாம் தேவைப்பட்டது என்றால், பக்கத்துத் தெருவில் இருக்கும் வார்டு அலுவலகம் எதற்கு இருக்கிறது என்ற கேள்வியையும் அரசே எழுப்பிவிடுகிறது.

ஆகவே அடுத்த தேர்தலுக்கு முன் கோலம் போட்டு, மாரத்தான் ஓட்டி, நடிகர்களை வைத்து வாக்களிக்கச் சொல்லும் விளம்பரங்களுக்குச் செலவிடுவது வீண். செய்ய வேண்டியவை வேறு. உள்ளாட்சித் தேர்தலுக்குப் போட்டியிடும் ஒவ்வொரு கட்சியும், ஆளும் கட்சி முதலாக, அடுத்த ஐந்து ஆண்டுகளில் சொத்து வரி எவ்வளவு என்பதை வாக்குப்பதிவுக்கு முன்பே சொல்லட்டும். அதைச் சொன்னவர் தோற்றால் இனி யாரும் வரியைத் தொட மாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்; அந்த வரியில் தன் தெருவுக்கு எவ்வளவு திரும்பி வரும் என்று சேர்த்துச் சொன்னால் கேட்க ஆள் உண்டு. அதற்கான கருவியும் ஏற்கெனவே இருக்கிறது. வார்டுக் குழு, பகுதி சபை விதிகள் 2022-ல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ல் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் அப்போதைய முதல்வர் ஸ்டாலினே உட்கார்ந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய இந்தச் சபைகளிடம் பணம் இல்லை. ஒவ்வொரு வார்டிலும் வசூலான சொத்து வரியில் ஒரு பங்கை அந்த வார்டின் சபையே முடிவு செய்து செலவிடட்டும். வரவும் செலவும் வார்டு அலுவலகச் சுவரில் எழுதப்படட்டும். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குச் சிட்கோ, மாநகராட்சி, குடிநீர் வாரியம், நீர்வளத் துறை ஆகிய நான்கும் பதில் சொல்லும் ஒரே குழு வேண்டும். அதன் தலைமை ஓர் அதிகாரியிடம் போகக் கூடாது, அந்தப் பகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் இருக்க வேண்டும். ஊர்களை இணைப்பதானால் அந்தந்த ஊரின் மன்றமோ கிராம சபையோ உயிரோடு இருக்கும்போது, அதன் சம்மதத்தோடு இணையுங்கள்.

இதெல்லாம் முடியாது என்றால் குறைந்தபட்சம் தேதியையாவது காப்பாற்றுங்கள். திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அந்த ஆண்டு முழுவதையும் தனி அலுவலர்களே ஓட்டினார்கள். 2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற சென்னை, ஆவடி மாமன்றங்களுக்கும் பூந்தமல்லி, திருவேற்காடு நகர்மன்றங்களுக்கும் ஐந்து ஆண்டுகள் நிறைவடைவது 2027 மார்ச் தொடக்கத்தில். மறுவரையறை, இணைப்பு, இடஒதுக்கீடு, வழக்கு என்று எந்தக் காரணத்தையும் அன்று கண்டுபிடிக்காமல், அதற்குள் தேர்தலை நடத்தி முடிப்பது மாநில அரசின், மாநிலத் தேர்தல் ஆணையத்தின் சட்டக் கடமை.